அத்தைக்கு வந்த நோயும் 17-ஆம் குரோமோசோமும் – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். தண்டையார்பேட்டையிலிருந்து, முதுகலை உயிரித்தொழில்நுட்பம் படிக்கும் ஒரு தங்கை இரண்டு கேள்விகளை அனுப்பியிருக்கிறார். குடும்பத்தில் தொடரும் மார்பகப் புற்றுநோய்க்குக் காரணமான மரபணுவைத் தேடி, மேரி-கிளேர் கிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1974 முதல் 1990 வரை உழைத்தார் என்று சென்ற காணொளியில் சொல்லியிருந்தேன். அத்தனை ஆண்டுகள் அவர் என்னதான் செய்தார் என்பது முதல் கேள்வி. கேள்வி கேட்ட தங்கையின் அத்தைக்கு, அதாவது அப்பாவின் தங்கைக்கு, 38 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்து, சிகிச்சை முடிந்து, இப்போது நலமாக இருக்கிறார். "அத்தை வேறு வீட்டுக்கு வாழப்போனவள், அவளுக்கு வந்தது நம் பிள்ளைக்கு எப்படி வரும்?" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்களாம், அது சரியா என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வியின் விடைக்குள்ளேயே இரண்டாவதற்கும் விடை இருப்பதால், சேர்த்தே சொல்கிறேன்.

கிங் அடிப்படையில் கணிதம் படித்தவர். மேற்படிப்புக்காக பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது, கர்ட் ஸ்டெர்ன் நடத்திய மரபியல் வகுப்பு அவரை அந்தத் துறைக்கு இழுத்துக்கொண்டது. ஆலன் வில்சனிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்து, மனிதருடைய புரதங்களும் சிம்பன்சியுடைய புரதங்களும் சராசரியாக 99 விழுக்காட்டுக்கு மேல் ஒத்திருக்கின்றன என்று இருவரும் 1975-இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அதற்குள் அவர் மார்பகப் புற்றுநோய் பக்கம் வந்துவிட்டார்.

அன்றைக்கு அந்தத் துறையில் இருந்த எண்ணத்தைத் தெரிந்துகொண்டால்தான் அவருடைய உழைப்பின் அருமை விளங்கும். புற்றுநோய்க்கு வைரஸையும் சுற்றுச்சூழலையும் காரணமாகத் தேடிக்கொண்டிருந்த காலம் அது. மார்பகப் புற்றுநோய் பரவலாக வருகிற நோய் என்பதால், ஒரு குடும்பத்தில் மூன்று பெண்களுக்கு வந்தால் அது தற்செயல் என்றோ, ஒரே உணவும் ஒரே பழக்கமும் காரணம் என்றோ சொல்லிவிட முடிந்தது. ஒற்றை மரபணு இதைச் செய்யும் என்று நம்பியவர்கள் மிகச் சிலரே. கிங் ஆய்வகத்துக்குள் நுழையும் முன் கணக்கில் இறங்கினார். இளம் வயதில் நோய் கண்டவர்களின் 1579 குடும்பங்களை எடுத்து, நோய் பரவியிருக்கும் விதம் தற்செயலோடு பொருந்துகிறதா, ஒரே மரபணு வழிவழியாக இறங்குவதோடு பொருந்துகிறதா என்று அவருடைய குழு ஆராய்ந்தது. ஏறத்தாழ 4 விழுக்காடு குடும்பங்களில் மட்டும், பெற்றோரில் ஒருவரிடமிருந்து பெற்றாலே போதுமான ஒரு மரபணு இருந்தாக வேண்டும் என்ற முடிவு 1988-இல் வெளிவந்தது.

அந்த மரபணு எந்தக் குரோமோசோமில் இருக்கிறது என்பது அடுத்த வேலை. மனித மரபணுத் தொகுதியின் வரைபடம் முழுமையாகக் கைக்கு வராத காலம். டிஎன்ஏ-வில் ஆளுக்கு ஆள் வேறுபடும் இடங்களை ஒவ்வொன்றாக எடுத்து, நோய் வந்தவர்களிடம் மட்டும் ஒரே வடிவம் சேர்ந்து வருகிறதா என்று குடும்பம் குடும்பமாகச் சோதிக்க வேண்டும். 23 பெரிய குடும்பங்கள்; அவற்றில் 146 பேருக்கு மார்பகப் புற்றுநோய். எல்லாக் குடும்பங்களையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தபோது விடை தெளிவாகவில்லை. நோய் கண்டறியப்பட்ட வயதின்படி குடும்பங்களை வரிசைப்படுத்திய பிறகுதான் கதவு திறந்தது. இளம் வயதில் நோய் வந்த குடும்பங்களில், 17-ஆம் குரோமோசோமின் நீண்ட கையில் (அதன் நீளமான பகுதியில்) உள்ள ஓர் இடம் நோயோடு சேர்ந்தே இறங்கியது. அந்தத் தொடர்பு உண்மையாக இருப்பதற்கும் தற்செயலாக இருப்பதற்கும் உள்ள விகிதம் கிட்டத்தட்ட பத்து லட்சத்துக்கு ஒன்று. முதிய வயதில் நோய் வந்த குடும்பங்களில் அந்தத் தொடர்பே இல்லை. 1990 அக்டோபரில் சின்சினாட்டி நகர மாநாட்டில் கிங் இதை அறிவித்தார். இந்தக் கண்டுபிடிப்பின் உயிர்நாடி "எந்த வயதில் வந்தது?" என்ற எளிய கேள்வியில் இருந்தது என்பதே என் கருத்து.

மரபணுவைப் பிரித்தெடுக்கும் போட்டியில் 1994-இல் யூட்டாவைச் சேர்ந்த மார்க் ஸ்கோல்னிக்கின் குழு முந்திக்கொண்டது. அதுவே பிஆர்சிஏ1 (BRCA1) என்ற மரபணு. மறு ஆண்டு மைக்கேல் ஸ்ட்ராட்டனின் குழு, இதே நோயோடு தொடர்புள்ள இன்னொரு மரபணுவான பிஆர்சிஏ2-வைக் கண்டெடுத்தது.  கிங் தன் 1990 கண்டுபிடிப்போடு நிற்கவில்லை. பல மரபணுக்களை ஒரே சோதனையில் படிக்கும் முறையை டாம் வால்ஷோடு சேர்ந்து 2010-இல் வெளியிட்டு, அதற்கு 'ப்ரோகா' என்று பெயரிட்டார். பால் ப்ரோகா என்ற பிரெஞ்சு மருத்துவர், தன் மனைவியின் குடும்பத்தில் நான்கு தலைமுறைப் பெண்களுக்குப் புற்றுநோய் வந்ததை 1866-இலேயே பதிவு செய்தவர்.

இப்போது உங்கள் அத்தையிடம் வருகிறேன். வீட்டில் சொல்வது சரியல்ல. பிஆர்சிஏ1 மரபணு, உடைந்த டிஎன்ஏ-வைச் சரிசெய்யும் புரதத்தை உருவாக்குவது; அதில் பழுது இருந்தால் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும். 17-ஆம் குரோமோசோம் ஆணுக்கும் இரண்டு, பெண்ணுக்கும் இரண்டு. ஆகவே உங்கள் தாத்தாவிடமிருந்தோ ஆயாவிடமிருந்தோ அத்தைக்கு அப்படி ஒரு பழுது வந்திருந்தால், அதே பழுது உங்கள் அப்பாவுக்கும் வந்திருக்கலாம். வந்திருந்தால் உங்களுக்கு இறங்க 50 விழுக்காடு வாய்ப்பு. ஆண்களிடம் அது பெரும்பாலும் நோயாக வெளிப்படாததால், அப்பா வழியில் ஓசையில்லாமல் கடந்து வரும். பழுதான பிஆர்சிஏ1 உள்ள பெண்களில் 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வருவோர் ஏறத்தாழ 72 விழுக்காடு, சூலகப் (சினைப்பை) புற்றுநோய் வருவோர் ஏறத்தாழ 44 விழுக்காடு. அதே நேரத்தில், மார்பகப் புற்றுநோய்களில் 5 முதல் 10 விழுக்காடுதான் இப்படிப் பரம்பரையாக வருபவை, பயந்துபோக வேண்டியதில்லை.

நோய் பரம்பரையாக வருகிறதா என்று அறிய நம் பகுதிக் குடும்பங்களின் நோய் வரலாற்றை எழுதும்போது இரண்டு சிக்கல்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஆயா எதனால் இறந்தார் என்று கேட்டால், "வயித்துல தண்ணி கட்டிக்கிச்சு" என்பார்கள். அது கல்லீரல் நோயாகவும் இருக்கலாம், காசநோயாகவும் இருக்கலாம், சூலகப் புற்றுநோயாகவும் இருக்கலாம். ரேஷன் கார்டோடு பிளாஸ்டிக் பையில் மடித்து வைத்திருக்கும் பழைய டிஸ்சார்ஜ் சீட்டு ஒன்று அகப்பட்டால், அந்த ஒரு தாளே குழப்பத்தைத் தீர்த்துவிடும். தயவுசெய்து அவற்றைத் தூக்கிப் போடாதீர்கள். மற்றது, அத்தை மகன், தாய்மாமன் திருமணங்கள். அப்பா வழி, அம்மா வழி என்று தனித்தனியாகக் கோடு போட முடியாமல், ஒரே ஆள் குடும்ப வரைபடத்தில் இரண்டு இடங்களில் வருவார். இரண்டு கோடுகளையும் விடாமல் போட வேண்டும்.

நீங்கள் உடனே ரத்தம் கொடுக்கப் போக வேண்டாம். நோய் வந்தவரை விட்டுவிட்டு நோயில்லாதவரைச் சோதித்து, "ஒன்றும் இல்லை" என்று விடை வந்தால், குடும்பத்தில் இருக்கும் பழுது உங்களுக்கு இறங்கவில்லை என்று பொருளா, அந்தச் சோதனைக்கு அகப்படாத பழுது இருக்கிறது என்று பொருளா என்பதை யாராலும் சொல்ல முடியாது. அத்தைக்கு 38 வயதில் வந்ததால், முதலில் அவர் சோதிக்கப்பட வேண்டியவர். அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவரிடமே மரபணு ஆலோசனைக்குக் கடிதம் கேளுங்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலோ அடையாறு புற்றுநோய் நிறுவனத்திலோ விசாரித்தாலும் வழி சொல்வார்கள். அத்தையிடம் பழுது உறுதியானால், அந்த ஒரே இடத்தை மட்டும் அடுத்து உங்கள் அப்பாவிடம் பார்த்தால் போதும். அப்பாவிடம் அது இல்லையென்றால், அந்தப் பழுது அவர் வழியாக உங்களுக்கு வர வாய்ப்பில்லை. இருந்தால் மட்டுமே உங்கள் முறை வரும். அத்தைக்குப் பெண் பிள்ளைகள் இருந்தால், உங்களுக்குச் சொன்னதையெல்லாம் அவர்களுக்கும் சொல்லுங்கள்.