பிரீமியம் பூஜ்யம் என்றால்…

நேயர்களுக்கு வணக்கம். அக்டோபர் பிறந்தால், அமெரிக்காவில் 65 வயதைத் தொட்டவர்கள் வீட்டுத் தபால்பெட்டியில் பளபளக்கும் அட்டைகள் வந்து விழும். பல் வைத்தியம் உண்டு, கண்ணாடி உண்டு, காது மெஷின் உண்டு, பிரீமியம் பூஜ்யம். 65 வயதானவர்களுக்கு அரசு தரும் மருத்துவ இன்சூரன்ஸ்தான் மெடிகேர். அதைத் தனியார் கம்பெனி வழியாகத் தரும் வகை இந்த மெடிகேர் அட்வான்டேஜ், அதாவது பார்ட் சி. ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று அரசு ஒரு தனியார் கம்பெனிக்குக் கொடுத்துவிடும். வைத்தியச் செலவைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும்.

அந்தப் பூஜ்யத்தைக் கொஞ்சம் தட்டிப் பார்ப்போம். மெடிகேரில் டாக்டர் செலவைப் பார்க்கும் பகுதி பார்ட் பி. அதற்கு 2026-ல் மாதம் 202 டாலர் 90 சென்ட். அதை நீங்கள் கட்டியே ஆகவேண்டும். சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியப் பணத்திலேயே பிடித்துக்கொள்வதால் பலர் கண்ணில் படுவதில்லை. ஆஸ்பத்திரியில் படுத்தால் முதல் சில நாட்களுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று தனியாகக் கேட்பார்கள். நெட்வொர்க்குக்குள், அதாவது பிளானோடு ஒப்பந்தம் போட்ட டாக்டர், ஆஸ்பத்திரிகளிடம் போனால், இந்தக் கைச்செலவு 2026-ல் 9,250 டாலரைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். நல்ல சட்டம்தான். அரசு நேரடியாக நடத்தும் மெடிகேரில் அப்படி ஓர் உச்சவரம்பே கிடையாது. டாக்டர் பில்லில் 20 சதவீதம் உங்கள் தலையில்தான், எவ்வளவு ஏறினாலும்.

அந்த 20 சதவீதத்தை அடைக்கத் தனியார் கம்பெனிகள் விற்கும் துணை இன்சூரன்ஸ்தான் மெடிகேப். இங்கேதான் கொஞ்சம் நின்று பேசப்போகிறேன், ஏனென்றால் இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். 65 வயதாகி, பார்ட் பி தொடங்கிய மாதத்திலிருந்து ஆறு மாதம். அதற்குள் கேட்டால் சர்க்கரை, இதயம், புற்றுநோய் என்று எதைக் காட்டியும் மெடிகேப் கம்பெனி மறுக்க முடியாது, விலையைக் கூட்டவும் முடியாது. ஏழாவது மாதம் போனால்? பெரும்பாலான மாநிலங்களில் உடம்பின் பூர்வோத்திரம் முழுவதையும் கேட்பார்கள், மறுக்கவும் செய்வார்கள். நியூயார்க், கனெக்டிகட், மாசசூசெட்ஸ், மெயின் நான்கும் விலக்கு.

"அட்வான்டேஜில் சேருவோம், பிடிக்காவிட்டால் திரும்பிவிடலாம்" என்பார்கள். பாதிதான் உண்மை. அரசு மெடிகேருக்குத் திரும்பலாம். மெடிகேப் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. 65-ல் நேராக அட்வான்டேஜில் சேர்ந்தவர் முதல் 12 மாதத்துக்குள் திரும்பினால், மறுப்பில்லாமல் மெடிகேப் வாங்கும் உரிமை உண்டு. பேனா இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பச் சொல்கிறேன்: மெடிகேப் வாங்க ஆறு மாதம், மனம் மாற 12 மாதம்.

அடுத்தது நெட்வொர்க். டாக்டர் ஆபீசுக்குப் போன் போட்டு "மெடிகேர் எடுப்பீர்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எடுப்போம்" என்று சொல்லி வைத்துவிடுவார்கள். ஒரே கம்பெனி ஒரே ஊரில் பல பிளான் விற்கும். டாக்டர் ஒன்றில் இருப்பார், மற்றதில் இருக்கமாட்டார். பிளானின் முழுப் பெயரையும், பெரும்பாலும் ஹெச் எழுத்தில் தொடங்கும் அதன் எண்ணையும் வாசித்துக் காட்டி, "வருகிற ஜனவரியிலும் இதில் இருப்பீர்களா?" என்று கேளுங்கள். ஆஸ்பத்திரியையும் இப்படியே கேளுங்கள். சிகிச்சைக்குப் பின் உடம்பைத் தேற்றும் ரிஹாப் இடத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், இடுப்பு எலும்பு முறிகிற நாள்வரை.

இந்தப் பிளான்களில் பல சிகிச்சைகளுக்கு முன் அனுமதி வேண்டும். மறுத்துக் கடிதம் வந்தால் பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். அப்பீல் செய்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்குத் தீர்ப்பு மாறுகிறது. கடிதத் தேதியிலிருந்து 65 நாள் அவகாசம். மறுப்புக்கு அவர்கள் எழுதிய காரணத்துக்கு நேராகப் பதில் சொல்லும்படி டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி இணையுங்கள். தாமதித்தால் ஆபத்து என்று டாக்டர் சொன்னால் 72 மணி நேரத்தில் பதில் தந்தாக வேண்டும்.

மாத்திரைப் பட்டியலைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், நேரமாகிவிட்டது என்று ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்டுகிறார்கள். பிளான் மாற்ற அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை. எந்தப் பிளானையும் விற்காத இலவச ஆலோசகர்கள் ஒவ்வொரு மாநிலத்திலும் உண்டு, 'ஷிப்' என்று கேளுங்கள். கடைசியாக, குளிருக்குப் பயந்து சென்னை, மதுரை என்று கிளம்புகிறவர்களுக்கு: பிளான் ஏரியாவை விட்டு ஆறு மாதத்துக்குமேல் தொடர்ந்து வெளியே இருந்தால் பொதுவாகப் பெயரை நீக்கிவிடுவார்கள். டிக்கெட் போடும் முன்பே பிளானுக்கு ஒரு போன். வணக்கம்.