இழுப்பும் எதிர்ப்பு சக்தியும்

நேயர்களுக்கு வணக்கம். வீசிங் என்று என்னிடம் வருகிறவர்களில் பலர், "எதிர்ப்பு சக்தி குறைஞ்சு போச்சு டாக்டர், சத்து டானிக் ஏதாவது எழுதிக் கொடுங்க" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். ஒவ்வாமையால் வரும் ஆஸ்துமாவில் விஷயமே வேறு. அங்கே எதிர்ப்பு சக்தி சோர்ந்து கிடக்கவில்லை. கயிற்றைப் பாம்பென்று நினைத்து அடித்துக்கொண்டிருக்கிறது.

இது பிடிபட்ட கதை கொஞ்சம் விசித்திரமானது. கூஸ்ட்னர் என்ற ஜெர்மன் மருத்துவருக்கு மீன் ஆகாது. அவருடன் ஆய்வு செய்த பிராஸ்னிட்ஸுக்கு மீனால் எந்தத் தொல்லையும் இல்லை. கூஸ்ட்னரின் ரத்தச் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை, பிராஸ்னிட்ஸ் தன் தோலுக்குள் ஊசியால் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தினால், தோல் தடித்துச் சிவந்துவிட்டது! அலர்ஜி ரத்தத்தோடு இடம் மாறுகிறது என்று 1921-இல் எழுதினார்கள். இன்றைக்கு இப்படி ஒரு சோதனைக்கு யாரும் அனுமதி தர மாட்டார்கள், அது வேறு விஷயம். ரத்தத்தில் இருந்தது என்ன என்று தெரிய மேலும் 45 ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவின் டென்வரில் இஷிசாகா தம்பதியர் அதைக் கண்டார்கள். ஐஜிஇ என்ற எதிர்ப்புரதம், அதாவது வெளியிலிருந்து வருவதை அடையாளம் கண்டு பிடிக்க உடல் உருவாக்கும் புரதம்.

சரி, மூச்சுக்குழாய்க்கு வருவோம். மெத்தையில் கண்ணுக்குத் தெரியாத தூசுப் பூச்சிகள் வாழ்கின்றன. அவற்றின் எச்சத்துக்கென்றே உருவான ஐஜிஇ, குழாய்ச் சுவரில் இருக்கும் மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்பு சக்தி செல்கள்மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். எச்சம் வந்து மாட்டினால், சில நிமிடங்களில் அந்த செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டிவிடும், கூடவே லூக்கோட்ரைன்கள் என்ற வேறு வேதிப்பொருள்களும் வரும். தசை இறுகும், சளி ஊறும், நெஞ்சில் விசில் கேட்கும்.

இத்தோடு விட்டால் பரவாயில்லை. 4 முதல் 8 மணி நேரத்தில் இரண்டாவது சுற்று வரலாம். இப்போது இயோசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் குழாய்ச் சுவரில் வந்து குவியும், உள்ளே வீங்கும். அவசரத்துக்கு அடிக்கும் சால்பியூட்டமால் பம்ப் தசையைத்தான் தளர்த்தும், வீக்கத்தைத் தொடாது. அதற்குத்தான் தினமும் ஸ்டீராய்டு இன்ஹேலர் தருகிறோம். "இழுப்புதான் நின்னுடுச்சே" என்று அதை நிறுத்தினால், வீக்கம் மறுபடி சத்தமில்லாமல் ஏறும்.

ஸ்டீராய்டு என்றதும் பயப்படுகிறீர்கள், தெரியும். மாத்திரையில் மில்லிகிராம் கணக்கில் இருப்பது இன்ஹேலரில் மைக்ரோகிராம் கணக்கில்தான் இருக்கிறது. இழுத்து முடித்ததும் வாயை நன்றாகக் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும்.