மன்னார்க் கடலில் நான்கு செப்புத் தலைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து, பன்னிரண்டு வயதில், பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வேர்ணின் நீர்மூழ்கிக் கப்பல் நாவலைச் சுருக்கப் பதிப்பொன்றில் வாசித்தேன். அண்மையில் அதன் முழுப் பதிப்பைக் கையில் எடுத்தபோதுதான், கதையின் மிகச் சிறந்த பகுதிகளுள் ஒன்று நம்முடைய மன்னார் வளைகுடாவிலே நடக்கிறது என்பதை அறிந்தேன். என் பழைய பதிப்பில் அது முழுவதுமாக நீக்கப்பட்டிருந்தது. 1869, 1870 ஆம் ஆண்டுகளில் இளையோருக்கான சஞ்சிகையொன்றில் இந்நாவல் தொடராக வெளிவந்தபோது பிரெஞ்சுப் பிள்ளைகள் மன்னாரைப் பற்றி வாசித்தார்கள். கொழும்பில் வளர்ந்த நான் வாசிக்கவில்லை. இது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

அந்த நீர்மூழ்கிக் கப்பலின் தலைவர் கப்டன் நேமோவும் மூன்று தோழர்களும் செப்புத் தலைக்கவசம் அணிந்து கடலடியில் நடந்து வருகிறார்கள். முத்துக்குளிப்பு மார்ச் மாதத்தில்தான் தொடங்கும்; அதற்கு முன்னரே, வறுமையின் காரணமாகத் தனியாக வந்த ஒருவர், கூம்பு வடிவக் கல்லொன்றைக் கால்களுக்கிடையே பற்றிக்கொண்டு மூழ்குவதும், கைக்கெட்டிய சிப்பிகளைப் பைக்குள் திணிப்பதும், மூச்சுக்காக மேலே போவதுமாக இருக்கிறார். நம் பழைய முத்துக்குளிப்பில், மந்திரம் ஓதிச் சுறாக்களின் வாயைக் கட்டுவதற்குக் கடல்கட்டி என்றொருவர் இருப்பார். அவர் இல்லாமல் குளியாட்கள் கடலில் இறங்கத் தயங்குவார்கள். இந்த ஏழைக்குக் கடல்கட்டியும் இல்லை, துணையும் இல்லை. சுறா வருகிறது. நேமோ வெறும் கத்தியுடன் அதன்மேல் பாய்கிறார். அவரே வீழும் தறுவாயில் தோழர் ஒருவரின் ஈட்டி அதைக் கொல்கிறது. பின்னர், தாம் காப்பாற்றிய மனிதர் ஒடுக்கப்பட்ட நாட்டவர் என்றும், தாமும் இறுதி மூச்சுவரை அவர்களுள் ஒருவரே என்றும் நேமோ சொல்கிறார். அவர் பிரித்தானியரை எதிர்த்துப் போரிட்ட இந்திய இளவரசர் என்பது 'மர்மத் தீவு' என்ற பிந்திய நாவலில்தான் வெளிப்படுகிறது. அதனை அறிந்துகொண்டு வாசிக்கும்போது அந்த ஒரு வாக்கியத்தின் கனம் பலமடங்காகிறது.

மீள்வாசிப்பில் கண் நாயகனை விட்டு விலகி ஓரத்தில் நிற்பவரிடம் போகிறது. கொழும்பில் நெடுங்காலம் வாழ்ந்து 2008 இல் மறைந்த ஆர்தர் சி. கிளார்க், 1963 இல் இளையோருக்காக எழுதிய 'டொல்பின் தீவு' நாவலிலும், டொல்பின்கள் காப்பாற்றும் சிறுவன், அத்தை வீட்டில் வேண்டாதவனாக வளர்ந்த அநாதை என்பதைச் சிறுவயதில் நான் கவனிக்கவே இல்லை.

மீண்டும் மன்னாருக்கே வருகிறேன். தோணியில் கிடத்தப்பட்ட அந்தக் குளியாள் கண் திறக்கும்போது, நான்கு பெரிய செப்புத் தலைகள் தம்மேல் குனிந்திருப்பதைக் கண்டு நடுங்குகிறார். அவற்றுள் ஒன்று முத்துப் பை ஒன்றை அவர் கையில் வைத்துவிட்டு, மற்றவற்றோடு கடலுக்குள் இறங்கி மறைகிறது. அவருடைய பெயரை வேர்ண் எழுதவில்லை. கரை சேர்ந்ததும், தாம் கண்டதை அவர் எந்தச் சொற்களில் வீட்டாருக்குச் சொல்லியிருப்பார்?