கர்ணனுக்குக் கிடைத்த அவகாசம்

நேயர்களுக்கு வணக்கம். கலையும் இலக்கியமும் சினிமாவும் மனித வாழ்க்கையோடு எப்படிக் கலந்திருக்கின்றன என்று பேச அழைத்திருக்கிறார்கள். மிகப் பெரிய விஷயம். அதில் ஒரே ஒரு சாவை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுகிறேன். கர்ணனுடைய சாவு.

வியாச பாரதத்தில் 17ஆம் நாள் போர். தேர்ச்சக்கரம் மண்ணில் புதைந்துவிடுகிறது. அர்ச்சுனன் விட்ட அம்பு கர்ணனின் தலையை அறுத்துவிடுகிறது. அவ்வளவுதான், கதை முடிந்தது. அம்பு பட்டபிறகு யாரிடமும் ஒரு வார்த்தை சொல்ல அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. அவன் தன் பிள்ளை என்று குந்தி வாய்திறப்பதும் போரெல்லாம் ஓய்ந்தபிறகு, இறந்தவர்களுக்கு நீர்க்கடன் செய்யும் இடத்தில்தான். அதைக் கேட்க அவன் உயிரோடு இல்லை.

தமிழில் பாரதம் பாடிய வில்லிபுத்தூராருக்கு இது போதவில்லை. திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் பிறந்தவர் அவர். சுமார் 600 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். அவருடைய கர்ணன் உடனே சாவதில்லை. உடம்பெல்லாம் அம்பு தைத்துச் சாய்ந்து கிடக்கிறான். கண்ணன் ஒரு வேதியனாக வந்து, நீ செய்த புண்ணியம் முழுவதையும் கொடு என்று கேட்கிறான். தாரை வார்க்கத் தண்ணீர் இல்லை. தன் ரத்தத்தையே வார்த்துக் கொடுக்கிறான் கர்ணன். என்ன வரம் வேண்டும் என்றால், இன்னும் பிறவி இருந்தால் அதிலும் இல்லை என்று வருகிறவர்களிடம் இல்லை என்று சொல்லாத மனதைக் கொடு என்கிறான். அப்புறம் குந்தி ஓடி வருகிறாள். எல்லோரும் பார்க்க மகனை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு கதறுகிறாள்.

எனக்கு இது பெரிய காரியமாகப்படுகிறது. செத்துப்போகிறவனுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுத்திருக்கிறார் அந்தக் கவிஞர். கொடுப்பதற்கு அவகாசம், பெற்றவள் வந்து சேர்வதற்கு அவகாசம். நம் வீடுகளில் எத்தனை சாவுகளில் இந்த இரண்டும் கிடைக்கின்றன, சொல்லுங்கள்! வெளியூரிலிருந்து பிள்ளை வந்து சேர்வதற்குள் உயிர் போய்விடுகிறது. சொல்ல நினைத்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.

இந்த அவகாசத்தை ஓர் இரவு முழுக்க நீட்டிக் கொடுத்தவர்கள் கூத்துக் கலைஞர்கள். காஞ்சிபுரம், செய்யாறு, திருவண்ணாமலைப் பக்கத்து நேயர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே பெரியவர் ஒருவர் இறந்துவிட்டால், கருமாதியை ஒட்டிக் கர்ணனின் கடைசி நாளை ஆடிக்காட்டும் கர்ண மோட்சம் என்ற கூத்தை வைப்பது வழக்கம். கூத்து ஜமா, அதாவது கூத்துக் குழு, வந்து இறங்கும். மத்தளமும் நாயனம் மாதிரி ஊதுகிற முகவீணையும் ஆர்மோனியமும் சேரும். இரவு தொடங்கிய கூத்தில் கர்ணன் விழும்போது கிழக்கு வெளுக்கிற நேரம் ஆகிவிடும். அந்தக் குடும்பம் அதுவரை உட்கார்ந்திருக்கும்.

இறந்தவர் கர்ணனைப்போல வாரிக் கொடுத்தவராக இருக்க வேண்டியதில்லை. கடன் வாங்கி நிலத்தோடு மல்லுக்கட்டிய சாதாரண விவசாயியாக இருந்திருப்பார். அன்றைக்கு இரவு அவருடைய சாவுக்கும் கர்ணனின் சாவுக்கும் கொடுக்கிற மரியாதை ஒன்றுதான்.

ஆனால் நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வந்தது பொன்னுருவியைப் பற்றி. வியாசரிடம் இந்தப் பெயர் கிடையாது. நம் நாட்டுப்புறக் கதைகளில் கர்ணனின் மனைவி அவள். ராஜா மகள். தேரோட்டி வளர்த்த பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டதை அவள் மனம் ஏற்கவே இல்லை. சாகப்போகிற நாளில் விடைபெற்றுக்கொள்ள வருகிறான் கர்ணன். அங்கே நடப்பது சண்டை. பிறப்பைச் சொல்லிக் குத்துகிறாள் அவள். அவனும் பதிலுக்குப் பேசுகிறான். கடைசியில் தான் குந்தியின் மகன் என்ற உண்மையைச் சொல்கிறான். அவள் உடைந்துபோய், போருக்குப் போகாதே என்று காலைப் பிடிக்கிறாள். அவன் போயாக வேண்டும்.

ஒரு கருமாதி வீட்டு வாசலில் இந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் அம்மாள் கணவரை இழந்து இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். அவர்களுக்குள்ளும் சண்டை இருந்திருக்கும். கடைசியாகப் பேசியது கடுஞ்சொல்லாகக்கூட இருந்திருக்கலாம். துக்கம் கேட்க வந்த உறவுக்காரர்கள், உத்தமர், தங்கமான மனுஷன் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அவருக்குக் கோபம் வரும், நானும் திருப்பிப் பேசினேன் என்று அந்த அம்மாள் யாரிடம் சொல்வாள்? கூத்து அதைப் பேசுகிறது. ஒரு ராஜா வீட்டிலும் இதே வார்த்தைகள், இதே வருத்தம். அந்தக் காட்சியில் பெண்கள் அழும் அழுகை வேறு மாதிரி இருக்கும். கூத்து பார்க்கப் போய் நான் கவனித்தது இது.

சாதியும் அங்கேதான் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். பிறப்பைச் சொல்லி ஒருவனை அவமதிப்பது எப்படிப்பட்டது என்று ஊர் நடுவில், விடிய விடிய, உரத்த குரலில் பாடுகிறார்கள். எத்தனையோ மேடைப்பேச்சுகள் தொடாத இடத்தை அது தொடுகிறது என்பது என் அபிப்பிராயம்.

காலங்காலமாக ஆண்கள்தான் பொன்னுருவியாகவும் குந்தியாகவும் வேஷம் கட்டினார்கள். காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் இயங்கிய கட்டைக்கூத்துக் குருகுலத்தில் (இந்தக் கூத்துக்குக் கட்டைக்கூத்து என்றும் பெயர்) பெண்பிள்ளைகளும் கற்றுக்கொண்டு கூத்துக் களரியில் ஆடினார்கள். பாதை திறந்திருக்கிறது. இன்னும் நிறையப் பேர் வரவேண்டும்.

சரி, சினிமா. 1964இல் பி.ஆர்.பந்துலு எடுத்த படத்தில் சிவாஜி கணேசன் கர்ணனாக அம்பு தைத்துக் கிடக்கிறார். கண்ணதாசன் எழுதிய 'உள்ளத்தில் நல்ல உள்ளம்' பாட்டைச் சீர்காழி கோவிந்தராஜன் பாடுகிறார். இங்கேயும் அதே ரத்ததானம், அதே அம்மா. வில்லி கொடுத்த அவகாசத்தைச் சினிமா ஒரு பாட்டுக்குள் அடக்கிக் கொடுத்தது. அதனால்தான் கூத்தே பார்க்காத ஊர்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது. 2012இல் அந்தப் படத்தைப் புதுப்பித்துத் திரும்ப வெளியிட்டபோதும் கூட்டம் வந்தது. மகன் என்று சொல்ல முடியாத ஒரு தாயும், நன்றிக்காகச் சாகிற ஒரு மனிதனும் நமக்கு இன்னும் தேவைப்படுகிறார்கள்.

இப்போது பல ஊர்களில் கர்ண மோட்சத்தைச் சில மணி நேரத்தில் முடித்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். மறுநாள் வேலைக்குப் போகிறவர்களுக்கு விடிய விடிய உட்காருவது கஷ்டம்தான், புரிகிறது. அப்படிச் சுருக்கித்தான் ஆகவேண்டும் என்றால் போர்க்களத்தைச் சுருக்குங்கள், அம்பு மழையைச் சுருக்குங்கள். பொன்னுருவி காட்சியை மட்டும் முழுசாக ஆடச் சொல்லிக் கேளுங்கள். கூத்தை நடத்தும் வாத்தியாரிடம் முன்கூட்டியே சொன்னால் அவர் அதற்குத் தகுந்தபடி அமைத்துக் கொடுப்பார்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.