இரண்டு பக்கமும் பாயும் மின்சாரம்

வணக்கம் நேயர்களே. பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பிறந்து, பாலிடெக்னிக்கில் முப்பது வருஷம் எலெக்ட்ரிக்கல் பாடம் நடத்தியவன் நான். மின் பொறியியல் படிப்பால் சமூகத்துக்கு என்ன பயன் என்று பேச அழைத்திருக்கிறார்கள். ஒரு கல்யாண வீட்டில் தொடங்குகிறேன்.

முதல் நாள் ராத்திரி மழை, கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் கொண்டுவந்தவர் ஒயரை வீட்டுச் சுவரில் இருந்த பிளக்கிலேயே செருகிவிட்டார். மெயின் சுவிட்சை யாரும் இறக்கவில்லை. பந்தலில் விளக்கு எரிந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். விருந்துக்கு வந்திருந்த என் மாணவன் மட்டும் எதிர்வீட்டைப் பார்த்தான். அங்கேயும் பல்பு மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. "சார், லைனுக்குத் திரும்பிப் போகுது" என்று கத்திக்கொண்டே ஓடிப்போய் மெயினை இறக்கினான்.

டிரான்ஸ்பார்மருக்கு மேல் கீழ் தெரியாது. ஒரு பக்கம் 11,000 வோல்ட் கொடுத்தால் மறுபக்கம் 230 ஆக இறக்கித் தரும். இந்தப் பக்கம் 230 கொடுத்தால் அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கில் ஏற்றிவிடும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பி ஒரு லைன்மேன் கம்பத்தில் ஏறியிருந்தால்? கம்பியைத் தொடுவதற்கு முன் அதை மண்ணோடு இணைக்கும் எர்த் ராடு மாட்டு என்று சொல்லிக்கொடுப்பது இதற்காகத்தான். முதல் வருஷத்தில் அந்தப் பையன் வெறும் சூத்திரமாகப் படித்தது, அன்றைக்கு எதிர்வீட்டு பல்பில் அவன் கண்ணுக்குத் தெரிந்தது.

எங்கள் சித்தூர் தாலுகாவில் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு நான் ஆங்கிலச் சொல்லில் ஆரம்பிப்பதில்லை. மின்னோட்டம், மின்னழுத்தம், மின்தடை. ஆழியாற்றுத் தண்ணீரை வாய்க்காலில் மடை மாற்றிப் பாய்ச்சிய பிள்ளைக்கு ஓட்டமும் அழுத்தமும் தடையும் பாதி தெரிந்த விஷயம்.

1940-ல் மூணாறு பக்கம் பள்ளிவாசல் என்ற ஊரின் நீர்மின் நிலையத்தில் மின்சாரம் பிறந்தபோது அதற்கு ஒரே திசை, நிலையத்திலிருந்து வீட்டுக்கு. இப்போது கூரையில் சோலார் வைத்த வீடு பகலில் லைனுக்கு அனுப்புகிறது. லைன் செத்தால், சோலார் மின்சாரத்தை லைனுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டர் ஓரிரு நொடியில் தானே நின்றுவிட வேண்டும். அப்படி நிற்கவைத்தது மின் பொறியாளரின் படிப்பு. புகளூரிலிருந்து திருச்சூருக்கு 2021-ல் வந்த நேர்மின்னோட்ட லைன் 2,000 மெகாவாட் கொண்டுவரக்கூடியது. கடைசிப் பகுதி மண்ணுக்கடியில் கேபிளாகப் போகிறது. தேவைப்பட்டால் அதிலும் திசையைத் திருப்பலாம்.

இவ்வளவு இருந்தும் "கம்ப்யூட்டர் கிடைக்கலன்னாதான் எலெக்ட்ரிக்கல்" என்று பெற்றோர் சொல்லும்போது எனக்கு மனசு வலிக்கிறது. அந்தக் கம்ப்யூட்டரும் பிளக்கில்தானே நிற்கிறது? பெண் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம், "கம்பத்துல ஏறணுமே" என்பார்கள். லைனைக் கணக்கிடவும், கோளாறு வந்தால் லைனைத் துண்டிக்கச் சொல்லும் ரிலே அமைக்கவும், இன்வெர்ட்டர் வடிவமைக்கவும் எந்தக் கம்பத்திலும் ஏற வேண்டாம். ஏறத்தான் வேண்டுமென்றாலும் அவர்கள் ஏறுவார்கள்.

ஜெனரேட்டர் வைத்திருக்கும் நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில், லைன் அல்லது ஜெனரேட்டர் என்று ஒன்றை மட்டும் இணைக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லையென்றால், மாட்டும்வரை ஜெனரேட்டரை வீட்டு ஒயரிங்கில் கோக்காதீர்கள். நன்றி, வணக்கம்.