வே ஆற்றில் ஒரு படகுப் பயணம்

வணக்கம் நேயர்களே. ஓர் ஆற்றின் கதவை நம் முதுகாலேயே தள்ளித் திறக்கலாம். இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் ஓடும் வே ஆற்றில் படகோட்டுகிறவர்கள் தினமும் அப்படித்தான் செய்கிறார்கள்.

வே சிறிய ஆறு. பல இடங்களில் ஒரு கரையில் நின்று பேசினால் மறுகரையில் கேட்கும். ஆனாலும் காடல்மிங்கில் தொடங்கி, கில்ட்ஃபோர்டு வழியாக, வெய்பிரிட்ஜ் அருகே தேம்ஸில் கலக்கும்வரை ஏறத்தாழ 20 மைல் படகிலேயே போய்விடலாம்.

இது தானாக அமைந்த வழி இல்லை. சட்டன் பிளேஸ் என்ற மாளிகையின் உரிமையாளர் சர் ரிச்சர்ட் வெஸ்டன், இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர்க் காலத்தில் நாட்டைவிட்டுப் போய், இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் ஃபிளாண்டர்ஸ் பக்கம் தங்க வேண்டியிருந்தது. அங்கே கால்வாய்களையும் அவற்றின் கதவுகளையும் கூர்ந்து பார்த்தார். 1651இல் நாடாளுமன்றம் அனுமதி தந்ததும் வேலை தொடங்கியது. ஆற்றின் வளைவுகளைத் தவிர்க்கப் புதிதாகக் கால்வாய் வெட்டினார்கள். இடிக்கப்பட்ட ஓட்லாண்ட்ஸ் அரண்மனையின் கற்களும் இந்த வேலைக்கு வந்தன. ராஜா வீட்டுக் கல் படகுக்காரனுக்கு உதவியது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 1653இல் கில்ட்ஃபோர்டு வரை வழி திறந்தபோது வெஸ்டன் உயிரோடு இல்லை. முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். மேலே காடல்மிங் வரையான 4 மைல் 1764இல் சேர்ந்தது.

சரி, அந்தக் கதவுக்கு வருவோம். ஆறு ஓரிடத்தில் சில அடி தாழ்கிறது என்றால் படகு எப்படி ஏறும்? இரண்டு ஜோடிக் கதவுகளுக்கு நடுவே ஒரு தொட்டி. இதைத்தான் லாக் என்கிறார்கள். படகு உள்ளே வந்ததும் கீழ்க்கதவைச் சாத்தி, மேல்பக்கச் சிறு மதகைத் திறந்தால் தண்ணீர் நிறையும், படகும் கூடவே உயரும். கதவுகள் மூடும்போது ஆற்றின் மேல்பக்கம் நோக்கிக் கூம்பாகச் சேர்கின்றன. அதனால் தண்ணீரே அவற்றை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. இரண்டு பக்கமும் மட்டம் ஒன்றாகும்வரை எவ்வளவு பலசாலி தள்ளினாலும் அசையாது. மட்டம் சமமானதும் கதவோடு பொருத்திய நீண்ட மரக்கட்டையில் முதுகைச் சாய்த்து மெல்ல நடந்தால் போதும், கதவு திறந்துவிடும். அவசரப்படுகிறவருக்கு இந்த ஆறு வழிவிடாது. இதன் சுகமே அதில்தான் இருக்கிறது.

ஒரு காலத்தில் இதே வழியில் தானியம், மரம், மாவு எல்லாம் லண்டனுக்குப் போயின. சில்வொர்த் ஆலைகளின் வெடிமருந்தும் போனது. படகை இழுத்தவை குதிரைகள். கயிறு உரசி உரசிப் பள்ளம் விழுந்த தடங்களைப் பழைய படகுத் துறைகளிலும் பாலங்களிலும் இன்றும் காணலாம். 1816இல் வே ஆற்றையும் ஆருன் ஆற்றையும் இணைக்கும் வே-ஆருன் கால்வாய் வெட்டி, தென்கடற்கரை வரை படகு போக வழிசெய்தார்கள். ரயில் வந்ததும் அது தாக்குப்பிடிக்கவில்லை, 1871இல் மூடிவிட்டார்கள். வே மட்டும் பிழைத்தது. தலைமுறைகளாக அதைக் கவனித்துவந்த ஸ்டீவன்ஸ் குடும்பத்தின் ஹாரி ஸ்டீவன்ஸ், 1964இல் அதைப் பழமையான இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குக் கொடையாகக் கொடுத்தார். லாபம் குறைந்த ஆற்றை நிலமாக விற்காமல் பொதுமக்களுக்குத் தந்த அந்த மனதை நான் மிகப் பெரிதாக நினைக்கிறேன்.

இன்று அந்தக் குதிரைப் பாதையில் நடப்பவர்களும் சைக்கிள் ஓட்டுபவர்களும்தான் போகிறார்கள். தண்ணீரில் துடுப்புப் படகு, கயாக், சமையலறையும் படுக்கையும் கொண்ட குறுகலான நீளப் படகு. ரிப்லி பக்கம் நியூஆர்க் மடத்தின் இடிந்த சுவர்கள் புல்வெளியில் தனியாக நிற்கும். படகின் வேகம் நடையின் வேகம்தான் என்பதால் அவை வெகுநேரம் கண்ணிலேயே இருக்கும். மீன்கொத்தியைப் பார்க்க வேண்டுமா? நடுப்பகலைவிட அதிகாலை நல்லது. மழைக்குப் பின் நீர் வேகம் கூடினால் இறங்க வேண்டாம், தடுப்பணை அருகே இழுப்பு பலமாக இருக்கும்.

கில்ட்ஃபோர்டில் டாப்டூன் துறை உண்டு. அங்கேயே கட்டப்பட்ட ரிலையன்ஸ் என்ற சரக்குப் படகு இன்று கரையேறி நிற்கிறது. அதன் வயிற்றுக்குள் இறங்கிப் பாருங்கள். எத்தனை மூட்டைகளை அந்தச் சின்ன ஆறு சுமந்தது என்பது அங்கேதான் புரியும்.