பின்சக்கரத்துக்கு ஒரு வால்வு

நேயர்களுக்கு வணக்கம். பழைய அம்பாசடர், பத்மினிக்கு முன்பக்கம் டிஸ்க் பிரேக் போட்டவர்கள் என்னிடம் கேட்பது, "அண்ணே, பின்னாடிக்கு எந்த வால்வு வாங்கலாம்?" நான் திருப்பிக் கேட்பேன்: "மிதிச்சா பின்சக்கரம் சுத்தாம லாக் ஆகி இழுபடுதா, பாத்தீங்களா?"

அவர்கள் கேட்கும் அந்த புரொபோர்ஷனிங் வால்வு, அதாவது பின்சக்கரத்துக்குப் போகும் பிரேக் ஆயில் அழுத்தத்தை அளவோடு விடும் வால்வு, பிரேக்கைக் கூட்டாது. குறைக்கத்தான் செய்யும், அதுவும் பின்பக்கம் மட்டும். டவுன் பஸ் டிரைவர் சட்டென்று மிதித்தால் நிற்கிறவர்கள் எல்லாம் முன்னால் சாய்கிறோமே, அதுபோல வண்டியின் பாரமும் முன்னுக்குப் போய்விடுகிறது. பாரம் குறைந்த பின்சக்கரம் லாக் ஆனால் வண்டி வட்டமடித்துவிடும். ஓர் அளவு வரை அழுத்தத்தை அப்படியே விட்டு, அதற்குமேல் பின்பக்கம் ஏறுவதை மட்டுப்படுத்துவதுதான் வால்வின் வேலை.

திருமங்கலத்தில் தெரிந்த மாமா ஒருவர். அம்பாசடருக்கு டிஸ்க் போட்டார், திருகி வைக்கும் வால்வும் போட்டார். "மாப்ளே, ஏறி மிதிச்சாலும் நிக்க மாட்டேங்குதுடா!" கீழே படுத்துப் பார்த்தால், முன்னுக்கும் பின்னுக்கும் பைப் பிரிவதற்கு முன்னாலேயே வால்வு உட்கார்ந்திருக்கிறது. நாலு சக்கரத்துக்கும் பிரேக்கைக் குறைத்துவிட்டார்கள்! பின் பைப்புக்கு மாற்றியும் பெடல் கல்லாகவே இருந்தது. ஏனென்றால் முன்பிருந்த டிரம் பிரேக்கில், சுற்றுகிற டிரம்மே உள்ளே உரசும் பிரேக் ஷூவை இழுத்து இறுக்கிக்கொள்ளும். டிஸ்க்குக்கு அந்த உபகாரம் கிடையாது, அழுத்தம் கூடுதலாக வேண்டும். கால் மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர் வைத்த பிறகுதான் மாமா சிரித்தார். மறுபடி சொல்கிறேன், வால்வு பிரேக்கைக் கூட்டாது.

வேறு காரில் கழற்றிய வால்வு அந்தக் காரின் எடைக்குச் செய்தது. நமக்குத் திருகுகிற வகைதான் சரி. ஆளில்லாத, காய்ந்த மைதானத்தில், நீங்கள் ஒருவர் மட்டும் உட்கார்ந்து பாருங்கள். சிலர் ஈரத் தரையில் பார்த்து வைக்கிறார்கள், அது போதாது. நன்றாகப் பிடிக்கிற தரையில்தான் பாரம் அதிகமாக முன்னுக்குப் போகும். பின்பக்கத்தைக் குறைவில் வைத்து ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். எப்போதும் முன்சக்கரம்தான் முதலில் லாக் ஆக வேண்டும். அது அமைந்ததும் அதன்மேல் யாரையும் கை வைக்க விடாதீர்கள்.

நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். பெடலை விட்ட பிறகும் பைப்பில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் ரெசிடுவல் வால்வு பற்றி ஒரே வரி: டிரம்முக்கு சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு, டிஸ்க்குக்கு 2, அந்த 2-ம் பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் காரின் தரைக்கடியில், டிஸ்க்கைப் பிடிக்கும் கேலிப்பரைவிடத் தாழ்ந்திருந்தால் மட்டும். டிரம்முக்கு இருந்த பழைய 10 பவுண்டு வால்வு டிஸ்க் பைப்பில் தங்கிவிட்டால், பிரேக் பேட் டிஸ்க்கில் உரசிக்கொண்டே வரும். மேலூர் போய் இறங்கியதும் முன்சக்கரத்துப் பக்கம் கையைக் கொண்டுபோனாலே சூடு தெரிந்துவிடும். வணக்கம்.